குளிர்நாட்டில் பண்ணைப் பங்கு

பண்ணைப் பங்கு என்பது விதைப்புக்கு முன்பே விளைச்சலுக்குப் பணம் கட்டிவைக்கும் ஏற்பாடு. அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்துப் பகுதியில், பல குடும்பங்கள் பனிக்காலத்திலேயே ஒரு பருவத்துக்கான தொகையைச் சிறு பண்ணைகளிடம் கொடுத்துவிடுகின்றன. விதை, உரம், டிராக்டர் பழுது என்று செலவுகள் வரிசையாக வரும், ஆனால் ஒரு காசு வரவில்லாத காலம் அது. கடன் வாங்கும் அவசியம் அதனால் குறைகிறது. கைம்மாறாக ஜூன் முதல் அக்டோபர் வரை, ஏறத்தாழ 20 வாரங்கள், வாரம் ஒரு பெட்டி காய்கறி கிடைக்கும். சிறு குடும்பங்களுக்கு அரைப் பங்கும் உண்டு.

அமெரிக்காவில் இது 1986இல் வேரூன்றியது. மாசசூசெட்ஸில் ராபின் வான் என் நடத்திய இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும் முன்னோடிகள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி அனுபவங்கள் இவற்றுக்குத் துணைநின்றன. ஜப்பானில் இதையொத்த 'தெய்கெய்' முறை 1970களிலேயே பரவியிருந்தது.

பங்குதாரர் லாபத்தில் மட்டுமல்ல, நட்டத்திலும் பங்காளி. 2009இல் வடகிழக்கு மாநிலங்களில் பின்பருவக் கருகல் நோய் தக்காளித் தோட்டங்களைச் சூறையாடியது. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த அதே நோய்தான். அந்தக் கோடையில் பல பெட்டிகள் தக்காளி இல்லாமலே வந்தன. அதற்காகப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை.

பெட்டியில் என்ன இருக்கும் என்பதைக் குளிர்தான் தீர்மானிக்கிறது. ஜூனில் லெட்யூஸ், சிவப்பு முள்ளங்கி, சுருண்ட பூண்டுத் தண்டு. ஆகஸ்டில் தக்காளியும் மக்காச்சோளமும். முதல் உறைபனி விழுந்ததும் தக்காளி, வெள்ளரிச் செடிகள் ஒரே இரவில் கருகிவிடும். கேரட்டின் கதை வேறு. குளிர் ஏற ஏற அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. கரைந்த சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்துவதால் உள்ளிருக்கும் நீர் எளிதில் உறையாது. உறைபனிக்குப் பின் பிடுங்கிய கேரட்டின் இனிப்புக்கு இதுவே காரணம். செடிக்கு அது தற்காப்பு, தின்பவருக்கு லாபம்.

நவம்பருக்குப் பின் தனியாகக் குளிர்காலப் பங்கு தரும் பண்ணைகளும் உண்டு. அங்கே சேமிப்புக் கிடங்குதான் வயல். கேரட்டும் பீட்ரூட்டும் 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில், ஈரம் மிகுந்த காற்றில் மாதக்கணக்கில் கெடாது. வெங்காயத்துக்கும் அதே குளிர் போதும். காற்று மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். பூசணியை அந்தக் குளிரில் வைத்தால் அழுகிவிடும். அதற்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆப்பிளைக் கேரட்டின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது: ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைத்துவிடும்.

குளிர்காலக் கீரைக்கு வழிகாட்டியவர் மெய்ன் மாநில விவசாயி எலியட் கோல்மன். சூடேற்றாத பாலித்தீன் குடிலுக்குள், பாத்திகளின் மேல் இன்னொரு மெல்லிய துணிப் போர்வை. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் பசலைக்கீரை பெரும்பாலும் வளராது, ஆனால் சாகாது. அதனால் இலையுதிர்காலத்திலேயே வளர்த்து நிறுத்திவைத்து, தை மாதக் குளிரிலும் பறிக்கிறார்கள்.

தக்காளி இல்லாமல் அடுப்பு எரியாத வீட்டுக்குக் குளிர்காலப் பங்கு ஒத்துவராது. கிழங்கையும் முட்டைக்கோஸையும் வாரக்கணக்கில் சலிக்காமல் சமைப்பவர்கள் தயங்காமல் சேரலாம்.