கடலை ஒட்டி ஒரு நிழற்சாலை



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் நம் லயங்களில் பலர் உண்டு. ஜோகூர் பாருவில் பஸ் ஏறிக் குவீன் ஸ்திரீட்டில் இறங்குவார்கள். அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்து, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, வேண்டிய சாமான்களை வாங்கிக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். அந்த நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி ஓடும் சாலை ஒன்றைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. விமான நிலையத்தில் உறவினரை வழியனுப்பப் போனவர்கள் வேனுக்குள் இருந்தபடி பார்த்திருக்கலாம். இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளை விரித்து நிற்கும். சாலைக்கு மேலுள்ள நடைபாலங்களின் ஓரத்தில் காகிதப்பூச் செடிகள் சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கும். மரங்களுக்கு அப்பால் பூங்கா, பூங்காவுக்கு அப்பால் கடல். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே என்பது அதன் பெயர். கிழக்குக் கரைப் பூங்காச் சாலை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பார்த்த மாத்திரத்தில், இயற்கை கொடுத்த அழகான கரையில் யாரோ சாலை போட்டிருக்கிறார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். உண்மை வேறு. சாலை மட்டும் அன்று, கரையும் மனிதன் செய்ததே. மரம் நிற்கும் மண்ணுக்கே வயது அறுபதுக்கு மேல் இராது.

முன்பு கடல் எங்கே இருந்தது தெரியுமா? காத்தோங் பகுதியில் இன்று கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே அலை அடித்தது. பங்களாக்களின் பின்வாசலில் கடற்சுவர் கட்டிப் படி இறக்கியிருந்தார்கள். சிக்லாப், பிடோக் பக்கங்களில் மீனவர் கம்பங்கள் இருந்தன. 1966-இல் அரசாங்கம் அந்தக் கரையில் கடலைத் தூர்க்கும் பெரிய வேலையைத் தொடங்கியது. சிக்லாப், பிடோக் பகுதிக் குன்றுகளை இயந்திரங்களால் வெட்டி, அந்த மண்ணை நீண்ட ஓடும் பட்டைகளில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள், கட்டம் கட்டமாக வேலை நடந்தது. 1,500 ஹெக்டருக்கு மேல் புதுநிலம் எழுந்தது. மரின் பரேட் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் அந்த நிலத்தின்மேல்தான் நிற்கிறது. மீனவர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். புதிய கரையின் அழகைப் பேசும்போது பழைய கரையை இழந்தவர்களையும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

கொட்டிய மண்ணைக் கடல் சும்மா விடுமா? அலை கரையின்மேல் சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போகும். ஆற்றோரத் தோட்டங்களில் கரை அரிந்து, ஒரு நெரை மரமே தண்ணீருக்குள் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதைத் தடுக்கக் கடலோரத்தில் இடைவெளி விட்டுக் கல்மேடுகள் அமைத்தார்கள். கம்பி வலைக்கூடுகளில் கற்களை நிரப்பியும், பெரும் பாறைகளை அடுக்கியும் கட்டிய மேடுகள் அவை. அலை மேட்டில் மோதி வளைந்து, வேகம் குறைந்து உள்ளே வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே மணல் பிறை வடிவில் தங்கிவிடும். பிள்ளைகள் மணல்வீடு கட்டி விளையாடும் அந்தச் சிறு சிறு குடாக்கள் எல்லாம் இப்படி உண்டானவையே.

இனி மரத்துக்கு வருவோம். குன்றை அறுத்துக் கொட்டிய மண்ணில் மேல்மண் ஏது? மக்கு ஏது? போதாததற்கு உப்புக்காற்று வேறு. ஆகவே எந்த வேலையையும் தாங்கும் முரட்டு மரங்களை முதலில் நட்டார்கள். சவுக்கு அவற்றில் முக்கியமானது. அதன் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாகக் கொடுக்கிறது. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே நாம் படரவிடும் கொடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. சவுக்கின் சருகு விழுந்து மக்கி, மண் சிறிது பதப்பட்டது. தென்னை, நாட்டு வாதாம், புன்னை, பூவரசு போன்ற கடற்கரை மரங்களும் உப்புக்காற்றைப் பொறுத்துக்கொள்பவை. சாலையோரத்துத் தூங்குமூஞ்சிக்கோ ஆழமாகக் குழி வெட்டி, நல்ல மண்ணும் எருவும் இட வேண்டியிருந்தது.

தூங்குமூஞ்சி மரம் நம் ஊர் மரம் அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. சிங்கப்பூருக்கு அது 1876-இல் கொண்டுவரப்பட்டது. மாலையிலும் மழைக்கு முன்னும் இலைகளை மடக்கிக்கொள்வதால் அதற்கு இந்தப் பெயர். இலை மடங்குவதால் மழைநீர் நேரே அடியிலுள்ள புல்லுக்கு இறங்கும். பகலில் குடை, மழையில் சல்லடை! சாலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு அங்சானா மரத்தையும் நிறைய நட்டார்கள். பெரிய கொம்பை வெட்டி ஊன்றினாலே வேர்விட்டு, ஓரிரு ஆண்டில் மரமாகிவிடும். ஆனால் அதன் கிளை காற்றில் முறியக்கூடியது, நோயும் தாக்கும். விரைவில் வளர்ந்தது பின்னாளில் வேலையைக் கூட்டிவிட்டது.

மரம் நடுவது அந்த நாட்டில் எப்படி ஊர்ப்பழக்கமானது என்று கேட்கலாம். 1963 ஜூன் 16-ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் வட்டச் சந்தியில் ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967-இல் சிங்கப்பூரைப் பூந்தோட்ட நகரமாக்குவோம் என்று அறிவித்தார். 1971 நவம்பர் 7-ஆம் நாள் முதலாவது மரம் நடும் தினம் கொண்டாடப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் நவம்பரில் சமூக மன்றங்களும் பள்ளிகளும் குடியிருப்பாளர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். 1975-இல் பூங்கா, மரச் சட்டம் வந்தது. சாலை போடுகிறவர் யாராயினும் மரத்துக்கென்று ஓரத்தில் இடம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று ஆயிற்று. இந்தச் சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விழாவில் நட்ட மரத்தை மறுவருடம் சாலையை அகலப்படுத்த வெட்டிவிட்டால் விழா எதற்கு? 1981 ஜூலையில் சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அங்கிருந்து நகருக்குள் வருகிறவர் முதலில் பார்ப்பது இந்த நிழற்சாலையாக இருக்கவேண்டும் என்பது திட்டமாகவே இருந்தது. வழியைப் பார்த்தே வீட்டுக்காரரின் ஒழுங்கை விருந்தாளி அளந்துவிடுவார் அல்லவா?

மரம் நடு விழா நம் தோட்டப் பள்ளியிலும் உண்டு. படம் எடுக்கும்போது கன்றைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற யார் என்பதுதான் கேள்வி. எங்கள் பள்ளியில் ஒரு கன்றுக்கு ஒரு வகுப்பு என்று பொறுப்புக் கொடுத்திருக்கிறோம். கிழக்குக் கரைச் சாலையில் அந்தக் கேள்விக்குப் பதில் கூலிக்கு உழைத்த கைகள். தண்ணீர் லாரியோடு போனவர்கள், புல் வெட்டியவர்கள், காய்ந்த கிளையை இறக்கியவர்கள். மரங்களைக் குறித்த காலந்தோறும் சோதிக்கிறார்கள். சுத்தியால் தட்டி, உள்ளே உளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் ஒரு முறை. ஓடும் வண்டியின்மேல் கிளை விழுந்தால் உயிர் போகும்.

அந்தக் கைகளில் நம் கைகளும் உண்டு. துறைமுகம், நகராட்சி, பொதுப்பணித் துறை ஆகியவற்றில் தமிழர்கள் பெருமளவில் நாள்கூலிகளாக உழைத்தார்கள். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் கட்டினார்கள். சிராங்கூன் சாலைப் பகுதியை நம் மூத்தோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர். அந்நாளில் கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையையும் சிப்பியையும் சுட்டுத்தான் கட்டடச் சுண்ணாம்பு செய்தார்கள். இன்று புடவைக்கடை வாசலில் நிற்கும்போது கடல் நினைவுக்கு வராது. ஆனாலும் அந்தத் தெருவுக்கும் கடலுக்கும் பழைய உறவு இருக்கிறது.

சரி, ஊர்மக்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? 1992 முதல் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இயக்கத்தில் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கிறது. தொண்டர்கள் கையுறை மாட்டிக்கொண்டு மணலில் நடந்து குப்பை பொறுக்குகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒன்று, பொறுக்கியதை அப்படியே மூட்டை கட்டாமல், இன்ன பொருள் இத்தனை என்று எண்ணி எழுதுவது. சிகரெட் துண்டு எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, போத்தல் மூடி எத்தனை, நுரைப்பெட்டித் துண்டு எத்தனை. எண்ணினால்தான் குப்பை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கரையில் உட்கார்ந்து தின்றவர் போட்டது ஒரு பங்கு. கடல் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு பங்கு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கிழக்குக் கரையில் ஒதுங்கும் குப்பை அதிகமாகிறது.

இங்கே நம் தாய்மார்கள் சிறிது கவனிக்கவேண்டும். லயத்துக்குப் பின்னாலுள்ள கால்வாயில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை அங்கேயே கிடப்பதில்லை. மழையில் கால்வாய் ஆற்றுக்குப் போகிறது. ஆறு கடலுக்குப் போகிறது. ஜோகூர்த் தோட்டத்துப் பை ஒன்று, கடப்பிதழ் இல்லாமலே எல்லை தாண்டி அந்தப் பூங்காவின் மணலில் ஒதுங்கக்கூடும். அவர்கள் குப்பையும் நம் கரைக்கு வரக்கூடும்.

2020-இல் நோய்த்தொற்றால் நாடு முடங்கியபோது சாலையோரப் புல் வெட்டும் வேலை பல இடங்களில் குறைந்தது. புல் முழங்கால் அளவு வளர்ந்தது. ஆனால் காட்டுப்பூக்கள் பூத்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஐயோ, ஊர் பாழாகிறதே என்று சிலர் சொன்னார்கள். இதுவும் அழகாகத்தானே இருக்கிறது, இப்படியே விடுங்கள் என்று வேறு சிலர் கேட்டார்கள். மட்டமாக வெட்டிய புல்தான் அழகு என்று நாம் யாரிடம் கற்றோம்? துரை பங்களா வாசலில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில், பத்து ஆண்டில் பத்து லட்சம் மரம் என்ற இயக்கம் தொடங்கியது. கன்று நடப் பொதுமக்களே பெயர் கொடுத்து வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் பெரிய சோதனை 2024 ஜூன் 14-ஆம் நாள் வந்தது. பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பல்மீது, கடலடி மண் தோண்டும் கப்பல் ஒன்று மோதியது. ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. நீரோட்டம் அதைச் செந்தோசா தீவுக்கும் கிழக்குக் கரைக்கும் இழுத்து வந்தது. பிள்ளைகள் விளையாடிய மணல் கறுத்துப் பிசுபிசுத்தது. உதவ வருகிறோம் என்று நூற்றுக்கணக்கானோர் உடனே பெயர் கொடுத்தார்கள். ஆனால் அவர்களை எண்ணெய்க்குள் இறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணெயின் ஆவி மூச்சுக்கு ஆகாது, தோலிலும் புண் உண்டாக்கும். பழக்கமில்லாத கால்கள் மிதிக்க மிதிக்க எண்ணெய் மணலுக்குள் ஆழமாக இறங்கிவிடும். ஆகவே பாதுகாப்பு உடை அணிந்த தொழிலாளர்கள் கெட்ட மணலை வாரி அகற்றினார்கள். தொண்டர்கள் கரையோரம் நடந்து, தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். எங்காவது புதிதாக எண்ணெய் ஒதுங்கியிருக்கிறதா, எண்ணெய் பட்ட பறவையோ ஆமையோ கிடக்கிறதா என்று பார்த்துத் தகவல் கொடுத்தார்கள். வேகாத வெயிலில் வாரக்கணக்கில் மணலை வாரியவர்களின் பெயர் செய்தித்தாளில் அதிகம் வரவில்லை.

இப்போது அந்தக் கரைக்கு முன்னால் நிற்பது வேறொரு கவலை. உலகம் சூடேறுவதால் கடல்மட்டம் உயர்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் ஒரு மீட்டருக்கு மேலும் உயரக்கூடும் என்கிறார்கள். கிழக்குக் கரையில் தாழ்ந்த நிலம் நிறைய. கரை நெடுகச் சுவர் எழுப்பினால் தண்ணீர் வராது, ஆனால் கடலும் தெரியாது. ஆகவே 2023 நவம்பரில் வேறொரு யோசனை அறிவிக்கப்பட்டது. கரைக்கு எதிரே கடலில் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை இப்போதைய கரையைவிட உயரமாக எழுப்புவது. அதற்கும் பழைய கரைக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம் அமைப்பது. லாங் ஐலண்ட், அதாவது நீள்தீவு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மண்ணும் நீரும் பற்றிய ஆய்வுகளுக்கே ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும், வேலை முடியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மக்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். புதிய கரையில் என்ன மரம் வேண்டும் என்பவர்கள் ஒருபுறம். கடற்புல்லும் ஆமையும் என்னாகும் என்று கேட்பவர்கள் மறுபுறம். திட்டம் நிறைவேறினால், ஒரு காலத்தில் அலை அடித்த காத்தோங் வீதிக்கும் கடலுக்கும் இடையில் மறுபடி ஒரு நிலம் வந்துவிடும். இன்று கடலைப் பார்த்து நிற்கும் மரங்கள் அப்போது நன்னீர்த் தேக்கத்தின் கரையில் நிற்கும்.