கழுத்தைப் பாருங்க... பேரு தெரியும்!

காலை ஏழு மணி. சின்னமனூர் வயல்காட்டில், கரண்டுக் கம்பி மேல் நாலு புறா. பைனாகுலரும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார், தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர்.

"என்னத்த தம்பி அப்புடிப் பாக்குறீக? எல்லாம் ஒரே புறாத்தேன்!"

"இல்லீங்கய்யா... நாலுல மூணு வகை இருக்கு. கழுத்தை மட்டும் பாருங்க" என்று பைனாகுலரை நீட்டினேன்.

சூட்சுமமே கழுத்தில்தான். பின்கழுத்தில், கறுப்புத் துணியில் அரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளா? அது புள்ளிப்புறா. முதுகிலும் புள்ளி உண்டு. அதைவிடச் சின்ன உடம்பு, முன்கழுத்தின் இரு பக்கமும் கறுப்புப் பொட்டு, முதுகில் புள்ளியே இல்லை, சிறகோரம் நீலச் சாம்பல் என்றால் சின்னத் தவிட்டுப்புறா. வாய்க்குள்ளேயே சிரிப்பது போலக் கூவும். வெளிறிய சாம்பல் உடம்பு, பின்கழுத்தில் அரை வளையமாகக் கறுப்புக் கோடு... அது கள்ளிப்புறா.

இங்கேதான் ஒரு வம்பு! தவிட்டுப்புறாவுக்கும் அதே கறுப்புக் கோடு உண்டு. ஆண் செங்கல் நிறம், தப்பவே தப்பாது. பெண்தான் ஆளை ஏமாற்றும். நிறத்தில் கள்ளிப்புறாவுக்குத் தங்கச்சி! அளவைப் பாருங்கள். கள்ளிப்புறா சுமார் 32 செ.மீ., இது 23 தான். வாலும் குட்டை.

நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவில் குழப்பமே இல்லை. பச்சைச் சிறகும் சிவப்பு அலகுமாக, மேகமலைப் பக்கம் காட்டு நிழலில் தரையில் மேயும்.

"சரி, பேரு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்றார் பெரியவர்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். அங்கே பயணப்புறா என்று ஒன்று, வானத்தையே மறைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பறந்தது. சுட்டுத் தள்ளினார்கள், காட்டையும் அழித்தார்கள். 1914 செப்டம்பர் 1-ம் தேதி, சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 'மார்த்தா' என்ற கடைசிப் புறாவும் செத்துப்போனது. அதற்குப் பிறகும் சிலர் 'நான் பார்த்தேனே' என்றார்கள். பார்த்தது அதே சாயலில் இருந்த வேறு புறாவை!

பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார். "அப்ப இதுல ஒண்ணு அத்துப்போனாக்கூட, 'அதேன் புறா இருக்குல்ல'ன்டு சும்மா இருந்துருப்போம்?"

என்னிடம் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கம்பியைக் காட்டினார். "அந்தக் கடைசில இருக்கறது சின்னத் தவிட்டுப்புறாதேன?"

"இல்லீங்கய்யா, புள்ளிப்புறா" என்றேன், பைனாகுலரை எடுக்காமலே.

"கழுத்தைப் பாருங்க தம்பி!"

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி!