அப்டேட்டுக்குப் பிறகு லாகின் இழுப்பது ஏன்?

கணக்கு, கொள்முதல், சம்பளம், கிடங்கு என ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் சுமக்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் வார இறுதியில்தான் அப்டேட் போடுவார்கள். திங்கட்கிழமை காலை ஊழியர்கள் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "சர்வர் போதவில்லை, பெரிதாக வாங்குங்கள்" என்று உடனே ஒரு குரல் எழும். பணத்தைச் செலவழிக்கும் முன், லாகினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஜெர்மனியில் 1972-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி அபாப் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. நிரல்கள் மூல வடிவில் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு நிரலை யாராவது முதன்முறை கூப்பிடும்போதுதான் அது கம்பைல் ஆகும், அதாவது இயங்கக்கூடிய வடிவத்துக்கு மாறும். அப்படிக் கிடைத்த வடிவம் டேட்டாபேஸில் சேமிக்கப்படும்; சர்வரின் நினைவகத்திலும் ஒரு படி தங்கும். பிறகு வருகிறவர்களுக்கு அந்தத் தாமதம் இல்லை.

அப்டேட் வந்ததும், மாறிய நிரல்களும் அவற்றைச் சார்ந்தவையும் பழைய கம்பைல் வடிவத்தை இழந்துவிடுகின்றன. மறுநாள் முதலில் நுழைபவர் தலையில் அந்த வேலை முழுவதும் விழுகிறது. மெனுவா, அனுமதிச் சோதனையா, எதைத் தொட்டாலும் அப்போதுதான் கம்பைல் ஆகும். எல்லோரும் ஒன்பது மணிக்கு ஒன்றாக நுழைந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து எஸ்.ஏ.பி.யிலேயே இருக்கிறது. எஸ்ஜென் என்ற கருவியை அப்டேட் முடிந்த இரவே ஓடவிட்டால், நிரல்களை மொத்தமாகக் கம்பைல் செய்து வைத்துவிடும். நேரம் பிடிக்கும், டேட்டாபேஸில் இடமும் கேட்கும். அதற்காக இதைத் தவிர்ப்பது சரியல்ல. சிஸ்டத்தைப் பராமரிக்கும் பேசிஸ் குழு இரவில் மிச்சம்பிடித்த நேரத்துக்குக் காலையில் அலுவலகமே விலை கொடுக்கிறது.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை நுழைந்தாலும் அதே இழுப்பு என்றால் கம்பைலைக் குறைசொல்லிப் பயனில்லை. அப்போது நொடிகளை எண்ணிப் பாருங்கள். பயனரின் கணினி இணைந்ததும், அதன் ஐபி முகவரிக்கு உரிய பெயரைச் சர்வர், பெயர் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையிடம் கேட்பதுண்டு. அப்டேட்டோடு சர்வரின் அமைப்புகளும் மாறி, டிஎன்எஸ் பட்டியலில் இயங்காத ஒரு முகவரி நின்றுவிட்டால் பதில் வராது. லினக்ஸில் இப்படி ஒரு கேள்விக்குச் சர்வர் இயல்பாக 5 நொடி காத்திருக்கும். பிறகு அடுத்த முயற்சி. ஆகவே தாமதம் ஒவ்வொரு முறையும் 5 நொடி, 10 நொடி என்று ஒரே அளவாக வந்தால் சந்தேகம் பெயர் தேடலின் மேல் விழ வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பிராசஸர் சும்மாதான் இருக்கும். எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் அதே 5 நொடி நிற்கும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் இழுத்தால், அவருக்குக் கொடுத்திருக்கும் ரோல்களை, அதாவது மெனுவும் அனுமதிகளும் அடங்கிய தொகுப்புகளைப் பாருங்கள். ரோல்கள் குவிந்திருந்தால் அவருடைய மெனுவைக் கட்டவே நேரமாகும்.

இவற்றில் எது காரணம் என்று ஊகிக்கத் தேவையில்லாதபடி எஸ்.ஏ.பி.யில் ஸ்டாட் என்ற பதிவேடும் உண்டு. டேட்டாபேஸுக்கு எவ்வளவு நேரம், கம்பைலுக்கு எவ்வளவு, வரிசையில் நின்றது எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும்.

அடுத்த முறை புகார் கொடுக்கும்போது "சிஸ்டம் ஸ்லோ" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நொடி, எத்தனையாவது முயற்சி, பக்கத்து இருக்கையிலும் அப்படியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.