தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

1930-ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த ஊர் நம் கோலார் தங்கவயல். இன்று நம் பிள்ளைகள் அமெரிக்க விசாவுக்குப் பத்து விரலையும் தாமே பதித்துவிட்டு வருகிறார்கள். ரேகை மாறுவதில்லை, பெயர்தான் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி மாறிவிடுகிறது. கடைக்காரன் பேரேட்டில் பெயர் மாறினால் பாக்கி நிற்கும்; இங்கே பயணமே நின்றுபோகும்.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே வழக்கம். பாஸ்போர்ட்டிலோ இட்ட பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. தலைப்பெழுத்தை அப்படியே போடக்கூடாது, விரித்தெழுத வேண்டும் என்பது விதி. பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அமெரிக்க விசாவில் அப்போது நம் ஒரே பெயர் குடும்பப் பெயராகிவிடும். இட்ட பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாதவர் என்று பொருள்!

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. தமிழ்ச் சமணரில் நயினார் என்ற பட்டம் போட்டுக்கொள்பவர்க்கு இச்சங்கடம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை. மகள் பிரசவத்துக்குத் துபாய் போகவேண்டிய என் மனைவியின் விண்ணப்பத்தை ஏஜெண்ட் வாங்க மறுத்துவிட்டார். பாஸ்போர்ட்டைத் திருத்தி அவள் போய்ச் சேர்ந்தபோது பேரனுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தமிழ்ப் பெயர் கன்னடம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகிறது. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது, பின்னாளில் வழக்கொழிந்தது. யாழினி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றில் அது 'யாளினி' ஆகும். அதைப் பார்த்து எழுதுகிறவர் ஆங்கிலத்தில் 'எல்' போடுவார். பள்ளியில் தமிழாசிரியர் 'இசட் எச்' போடுவார். ஒரே பெண், இரண்டு ஆள்!

ஆகவே அன்பர்களே, செய்யவேண்டியது இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. சான்று, ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் நான்கையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தந்தை பெயரை முழுதாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்புங்கள். பிழையிருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுவெளியீடு பெறுங்கள், அதன்பிறகே விசா. விசா படிவத்தில் மட்டும் சரிசெய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அது இருக்கவேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்று ஒன்றே. எனவே பெயர் சூட்டியதும் பதிவு அலுவலகத்தில் ஆங்கில எழுத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். சான்று கையில் வந்ததும் அங்கேயே நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். தலையெழுத்தை மாற்ற நம்மால் ஆகாது. தலைப்பெழுத்தைச் சரிசெய்வது நம் கையில்தான் இருக்கிறது.