ரோஜாவின் கரும்புள்ளி

மருந்தைத் தேடுமுன் நோயின் காரணத்தைத் தேட வேண்டும் என்பர். இது மனிதருக்கு மட்டுமன்று, செடிக்கும் பொருந்தும்.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லைன் வீடுகளில் இடம் சிறிது. ஆயினும் வாசலில் பழைய டின்னிலாவது ஒரு ரோஜாச் செடி நிற்கும். ஐப்பசி மழையில் அதன் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். இலை மஞ்சளாகி உதிரும். இறுதியில் முள்ளும் கொம்புமே மிஞ்சும். “சயனைடு மண் பட்டுவிட்டது, இனி இங்கே எதுவும் பிழைக்காது” என்று பெரியவர்கள் செடியைப் பிடுங்கி எறிவர்.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண் மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்று வீசும் நாளில் அத்தூசி வீட்டுக்குள் வருவதும் உண்மையே. ஆனால் இக்கரும்புள்ளிக்கு அது காரணமாகுமா?

எண்ணிப் பாருங்கள். தூசி பறப்பது வறண்ட நாளில். புள்ளி பெருகுவதோ மழையில். தூசி எல்லா இலைகளிலும் படியும், துடைத்தால் போய்விடும்; புள்ளியோ அடியிலைகளில் தொடங்கி மேலேறும், துடைத்தாலும் போகாது. அதன் ஓரம் இறகுபோல் பிசிர் பிசிராக இருக்கும். புள்ளியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டு அறைகள் கொண்ட நுண்வித்துகளைக் காணலாம். குற்றவாளி தூசியன்று; ‘டிப்ளோகார்ப்பான் ரோசே’ என்னும் பூசணமே.

இதன் நுண்வித்து, தெறிக்கும் நீர்த்துளியில் ஏறி அடுத்த இலைக்குச் செல்கிறது. இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் முளைத்து உள்ளே நுழைகிறது. உதிர்ந்த இலையிலும் கொம்பின் தழும்பிலும் தங்கி, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது.

வழி அறிந்தோம், இனி வழியை அடைப்போம். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். நோயுற்ற கொம்புகளைக் கவாத்துச் செய்யுங்கள். காலையில், இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். காற்றோட்டம் இலையை விரைவில் உலர்த்தும். செலவில்லாத இந்நான்குமே பெரும்பாலும் போதும்.

மருந்தின் கதையும் சுவையானது. பிரான்சு நாட்டில் போர்தோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தனர். அக்கொடிகள் மட்டும் இலை நோய்க்குத் தப்பி நிற்பதை மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டார்; ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். அதுவே போர்தோக் கலவை. ஈர நாளில் செம்புச் சத்து ரோஜா இலையைச் சுட்டுவிடுவதும் உண்டு. ஆகவே, லிட்டர் நீருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, மழைக் காலத்தில் 10 நாளுக்கொரு முறை தெளிப்பது நலம். தெளிக்கும்போது கையையும் மூக்கையும் மூடிக்கொள்க. மருந்து வந்த புள்ளியை அழிக்காது. வராத இலையைக் காக்கும்.

இலை உதிர்ந்த ரோஜா செத்த ரோஜா அன்று, மீண்டும் துளிர்க்கும். அதைப் பிடுங்க வேண்டாம் என்று ஊருக்குச் செல்லும்போது வீட்டாரிடம் சொல்லுங்கள். மண் மேட்டைப் பற்றி நாம் கேட்க வேண்டியவை பல உண்டு. அது செய்யாத குற்றத்தையும் அதன்மேல் ஏற்றினால், செய்த குற்றத்தைச் சொல்லும்போது நம்மை யார் நம்புவர்?