சரந்தீப் என்றொரு கல்



காத்தான்குடியில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் தாய் ஒருவர், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். கையில் மடித்த கடதாசித் துண்டு. அதில் ‘செரண்டிபைட்’ என்று எழுதியிருந்தது.

“மௌலவி, ஆதம் நபி சரந்தீபில இறங்கக்குள்ள வந்த கல்லாம். வீட்டில இருந்தா பரக்கத்தாம். மகள்ட காப்பு ரெண்டையும் குடுத்தா தாறாராம். எடுக்கலாமா?”

வாசலுக்கு வந்த வியாபாரி கல்லைக் காட்டிவிட்டு, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். அந்தக் காப்புகளோ மகளின் கலியாணத்துக்கென்று பெட்டியில் வைத்தவை.

பெயர் பொய்யல்ல. அப்படியொரு கனியம் இருக்கிறது. 1902ஆம் ஆண்டு கண்டிப் பகுதியில், அம்பகோட்டைக்கு அருகே கங்காபிட்டிய என்னும் இடத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த பிரையரும் நம் நாட்டு ஆனந்த குமாரசுவாமியும் அதை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். குமாரசுவாமியைக் கலை பற்றி எழுதியவராகவே பலர் அறிவார்கள். ஆனால் அவர் முதலில் படித்தது புவிச்சரிதவியல். கல்சியம், மகனீசியம், அலுமினியம், போரன், சிலிக்கா சேர்ந்த கல் அது. நீலமாகவோ நீலப்பச்சையாகவோ, பல நேரம் கறுப்பாகவோ இருக்கும். நகைக்கு வெட்டக்கூடிய தரத்தில் கிடைப்பது மிக அரிது. பிற்காலத்தில் பர்மாவின் மொகொக் பகுதியிலும் கிடைத்தது.

இனி, பெயருக்கு வருவோம். அரபிகள் பண்டு நம் தீவை ‘ஸரந்தீப்’ என்றார்கள். ‘சிங்களத்தீவு’ எனப் பொருள்படும் ‘ஸிம்ஹலத்வீப’ என்ற வடசொல்லே அப்படித் திரிந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ‘சேரன் தீவு’ என்று விளக்குவோரும் உண்டு; கேட்க இனிமையாக இருக்கிறது, எனக்கு அதில் திருப்தி இல்லை. கடைசியில் வரும் ‘ஐட்’ கற்களுக்கு இடும் கிரேக்க வால். காரீயத்தைக் ‘கிரஃபைட்’ என்கிறோமே, அதே வால்தான்.

இன்னொரு வேடிக்கை: 1952இல் நம் நாட்டுக் கல் ஒன்றுக்கு ‘சின்ஹலைட்’ என்று பெயரிட்டார்கள். அதுவரை அதை வேறொரு கல்லின் பழுப்பு வகை என்றே நினைத்திருந்தார்கள். சரந்தீப் என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் மூலம் சரியென்றால், இரண்டு கற்களும் ஒரே சொல்லின் பிள்ளைகள்!

1344இல் இங்கு வந்த இப்னு பதூதா தீவை ‘ஸைலான்’ என்று எழுதிவிட்டு, பாவா ஆதம் மலையைத்தான் ‘ஸரந்தீப் மலை’ என்கிறார். இத்தீவுப் பெண்கள் மாணிக்கக் கற்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்ததையும் குறித்திருக்கிறார். அமீர் குஸ்ரு பாரசீகத்தில் எழுதிய சரந்தீப் இளவரசர் கதை ஐரோப்பாவுக்குப் போய், 1754இல் ஆங்கிலத்தில் ‘செரண்டிபிட்டி’ என்ற சொல்லைப் பெற்றெடுத்தது. தேடாத நல்லதொன்று தற்செயலாய்க் கைக்கு வருவதை அச்சொல் குறிக்கும்.

ஆகவே, கல்லுக்குச் சரந்தீப் என்று பெயர் வந்தது அது கிடைத்த நாட்டை வைத்துத்தான். ஆதம் (அலை) அவர்களை வைத்தல்ல. அவர்கள் இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் கூறவில்லை. சரந்தீப் என்பது பழைய வரலாற்று அறிவிப்புகள் சிலவற்றில் வருவது. அவற்றை மதிப்போரும் இந்தக் கல்லை அதோடு கோக்க வழியில்லை. 1902இல் கண்டெடுத்த கல்லுக்கு நபிமார் காலத்துப் பரக்கத்து எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் சொன்னபோது அந்தத் தாய் ஒன்று கேட்டார்: “அப்ப, கல்லு உண்மையா இருந்தா விலை பெறுமதிதானே?”

நியாயமான கேள்வி. கறுப்புக் கல் எத்தனையோ உண்டு, பார்வையால் பிரித்தறிய முடியாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கல்லைச் சோதித்து அறிக்கை பெறலாம். விற்பவர் அதைக் காட்டட்டும், பிறகு விலை பேசுங்கள் என்றேன்.

மறுநாள் வியாபாரி வந்தாராம். தாய் அறிக்கையைக் கேட்டிருக்கிறார். “ஏறாவூரில் வச்சிருக்கன், எடுத்துட்டு வாறன்” என்று சைக்கிளில் ஏறினவர்தான். காப்பு இரண்டும் பெட்டியில் இருக்கின்றன.