பெரும் பணக்காரர் வீடு கணக்கெடுப்பில் ஏன் சிக்குவதில்லை?

முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று “மாத வருமானம் எவ்வளவு?” என்று கேட்டால் சொல்வீர்களா? பலர் மழுப்புவார்கள். அதனால்தான் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களின் வசதியை அளக்க, அரிசி, பால், துணி, மருந்து என்று செலவைத்தான் துருவித் துருவிக் கேட்டுவந்திருக்கிறது. 2022-23இல் சுமார் 2.6 லட்சம் குடும்பங்களிடம் கேட்டார்கள்.

அதிலும் ஓட்டை உண்டு. அண்டா சாம்பாரில் நாலே நாலு முருங்கைக்காய்த் துண்டுகள் கிடந்தால் ஒரு கரண்டியில் சிக்குமா? பெரும் பணக்காரர்களும் அப்படித்தான். சிக்கினாலும், காவலாளியைத் தாண்டி உள்ளே போவது பெரும்பாடு.

அதற்காகவே அந்த ஆய்வில், நகரங்களில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள சொந்தக் கார் இருக்கும் வீடுகளைத் தனிப் பிரிவாக்கி, அதிலிருந்தும் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால், ஏழைக் குடும்பம் சம்பாதிப்பதையெல்லாம் செலவழித்துவிடும். பணக்காரர் பெரும்பகுதியைச் சேமிப்பார். செலவை மட்டும் அளந்தால் ஏற்றத்தாழ்வு சுருங்கித்தான் தெரியும். தாமஸ் பிக்கெட்டி போன்ற பொருளியலாளர்கள் வருமான வரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.